உள்ளானும் ஹலாலும்

மாசி மாதத்தில் ஒருநாள், தோப்புத்துறை நண்பர் ஒருவரின் இல்லத்தில் தங்கி, சுபுஹுத் தொழுகை முடித்த கையோடு கோடியக்கரைக்குப் புறப்பட்டோம். வேதாரணியத்து உப்பளங்களைக் கடந்து சதுப்பு வெளியை அடைந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. தொலைவில் பூநாரைக் கூட்டம் வெண்கோடு இழுத்தாற்போல் நின்றது. கண்ணை முதலில் கவர்ந்தது அதுதான். ஆனால் நெஞ்சில் தங்கியவை சேற்றோரம் ஓடித் திரிந்த உள்ளான்களே.

ஐப்பசியை ஒட்டி வடபுலத்திலிருந்து வரும் இச்சிறு பறவைகள், பனி நீங்கும் காலத்தில் திரும்பிச் செல்ல ஆயத்தமாகின்றன. மூக்கு வளைந்த ஒருவகை உள்ளானின் சாம்பல் மார்பில் அப்போதுதான் செங்கல் நிறம் படரத் தொடங்கும். ஓயாமல் சேற்றைக் கிளறிப் புழுவும் பூச்சியும் தின்று உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். சைபீரியாவின் வடகோடியில் அது முட்டையிடும் நிலம் ஏறத்தாழ 7,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. அவ்வழிக்கு அக்கொழுப்பே கட்டுச்சோறு. கண்ணி வைப்பவனுக்கு உள்ளான் கறி ருசிப்பதும் அக்கொழுப்பினால்தான்!

கரையில் நம்மோடு அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், இளமையில் தாம் உள்ளான் பிடித்ததை மறைக்கவில்லை. “ஹலாலான பறவைதானே தம்பி! பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தோம், தின்றோம். இப்போது பிடித்தால் வழக்கு என்கிறார்கள். அல்லாஹ் ஆகுமாக்கியதை அரசாங்கம் தடுப்பது எப்படி?” என்றார்.

இக்கேள்வியை நகைத்து ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. 1967இல் இவ்விடம் சரணாலயமாயிற்று. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆயினும் சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவது, மார்க்கத்தை முன்வைத்துக் கேட்பவருக்கு விடையாகாது.

மார்க்கத்திலிருந்தே எண்ணிப் பார்த்தோம். இஹ்ராம் உடுத்தியவருக்கு, நேற்றுவரை ஆகுமாயிருந்த தரைவேட்டை ஆகாததாகிவிடுகிறது. மதீனாவைப் புனித எல்லையாக்கிய பெருமானார் (ஸல்) அவர்கள் அவ்வெல்லைக்குள் வேட்டையைத் தடுத்தார்கள். இவற்றால் அப்பிராணியின் இனமே ஹராமாகிவிடவில்லை. காலமும் இடமும் கையைத் தடுத்தன. கோடியக்கரை மதீனாவாகிவிடாது, அப்படிச் சொல்வதற்கு நாம் துணியவுமில்லை. ஆனால் ‘உண்ணக் கூடும்’ என்பது எந்த நேரத்திலும், எந்த இடத்திலும், எவ்வளவும் கொல்லலாம் என்ற உரிமைச் சீட்டாகுமா? பசித்த ஏழை பிடித்த இரண்டு பறவைகளைப் பற்றி நாம் பேசவில்லை. வயிறு நிறைந்தவர்கள் ருசிக்காகச் சொல்லி வைத்து வாங்குகிறார்களே, அவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி உறைக்க வேண்டும்.

இதே ஐயம் மும்பையில் ஒரு முஸ்லிம் சிறுவனுக்கும் வந்தது. காற்றுத் துப்பாக்கியால் அவன் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் கறை போல் ஏதோ இருந்தது. இதை உண்ணலாமோ கூடாதோ என்று தயங்கி மாமாவிடம் எடுத்துச் சென்றான். அவருக்கும் அது இன்ன பறவையென்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அச்சிறுவனே பின்னாளில் பறவையியல் மேதை சாலிம் அலி. பேணுதலால் எழுந்த ஒரு தயக்கம் எவ்வளவு பெரிய வாசலைத் திறந்துவிட்டது! அவருடைய கழகத்தார் கோடியக்கரையில் முகாமிட்டுப் பறவைகளின் காலில் வளையமிட்டபோது, அவற்றைப் பிடித்துக் கொடுத்தவர்கள் பீகாரின் மீர்ஷிகார்கள். தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்துப் பிழைத்த முஸ்லிம்கள் அவர்கள். பிடித்த கையே விடுவிக்கவும் செய்தது.

இதைச் சொன்னதும் பெரியவர் முகம் மலர்ந்தது. “அவர்களைப் பார்த்திருக்கிறேன். நம்மைவிடக் கைதேர்ந்தவர்கள். பிடித்துவிட்டுப் பறக்க விடுகிறார்களே, பைத்தியக்காரர்கள் என்று அன்று சிரித்தோம்” என்றார்.

வெயில் ஏறியது. பருந்தின் நிழல் கண்டோ என்னவோ, உள்ளான்கள் ஒன்றாக எழும்பி, வெள்ளிபோல் ஒருமுறை மின்னித் திரும்பி, மீண்டும் சேற்றில் இறங்கின. பெரியவர் கைலியில் ஒட்டிய மணலை உதறிக்கொண்டு எழுந்தார். சிறிது தூரம் நடந்தவர் நின்று, “ஏழாயிரம் கிலோமீட்டரா சொன்னீர்கள்?” என்று மறுபடியும் கேட்டார்.