சக்திக்கு எல்லை யாது?

ஒரு பாத்திரம் இவ்வளவு கொள்ளும் என்கிறோம். ஒரு பாலம் இவ்வளவு பாரம் தாங்கும் என்கிறோம். இந்தப் பையன் இவ்வளவுதான் படிப்பான் என்றும் அதே வாயால் சொல்லிவிடுகிறோம். முன்னிரண்டுக்கும் அளவுகோல் உண்டு. மூன்றாவதை அளந்தவர் யார், எதைக் கொண்டு அளந்தார் என்று கேட்பார் மிகச் சிலரே. கொள்ளளவு, திறமை, தகுதி, சக்தி என்று இடத்துக்கொரு பெயரால் வழங்கும் இக்கருத்தைச் சற்றே ஆராய்வது, உழைத்துப் பிழைக்கும் நம்மவர்க்கு வீண் பொழுதுபோக்காகாது.

ஔவையார் பெயரால் வழங்கும் மூதுரையில் நாழியைக் குறித்த உவமை ஒன்றுண்டு. கடலே எதிரிலிருப்பினும் சிறு படி தன் அளவுக்கு மேல் மொள்ளாது. அவ்வாறே ஒருவர் நுகரும் நன்மையும் அவரவர்க்கு விதித்த பங்கேயாம் என்பது அதன் கருத்து. உவமை அழகியதுதான். ஆனால் அந்த நாழியின் அளவை வகுத்தது விதியன்று, அதனை அடித்த கன்னான்! இன்னும் சிறிது தகடு சேர்த்து வளைத்திருப்பானேல் அது ஓர் உரி கூடுதலாகக் கொண்டிருக்கும். இதனை எண்ணாமல் பாட்டை மட்டும் மனப்பாடம் செய்வித்ததால் விளைந்த தீங்கு கொஞ்சமன்று.

எவரும் வகுக்காமலே அமைந்த எல்லைகளும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. நமக்குப் பழக்கமான இரப்பர் மரத்தையே பார்ப்போம். பால் ஓடும் நுண்குழாய்கள் அதன் பட்டையிலே இருக்கின்றன. பட்டைக்கு உட்புறத்தில் மயிரிழைபோல் ஒரு வளர்படை இருக்கிறது. உளி அதனைத் தொடாதவரையில் சீவிய பட்டை மீண்டும் வளரும். தொட்டுவிட்டாலோ காயம் விழுந்து, பின்னர் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகி வெட்டுக்கு உதவாமற்போம். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி என்பார் 1890-களில் செய்த தொண்டு, மரத்தின் எல்லை எங்கே என்று கண்டு, அதற்கு இப்பால் நின்று மெல்லிய சீவலாகப் பட்டையை எடுக்கும் முறையை வகுத்ததேயாகும். எல்லையை மதித்ததனாலேயே ஒரே மரத்தை ஆண்டுக்கணக்கில் வெட்ட முடிந்தது. பிற்காலத்தில் எத்திபோன் என்னும் மருந்து வந்தது. அதைத் தடவினால் பால் நெடுநேரம் ஓடும். எனினும் ஓயாமல் வெட்டியும், மருந்தை அளவின்றித் தடவியும் வந்தால் பட்டை வறண்டு, மங்கில் ஒரு சொட்டும் விழாது. மரம் முறையிடுவதில்லை, நின்றுவிடுகிறது.

கப்பலின் வரலாறோ இன்னும் நுட்பமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே பேராசை பிடித்த முதலாளிகள் தாங்கமாட்டாத சரக்கையேற்றிப் பழங்கப்பல்களைக் கடலுக்கு அனுப்பினர். கப்பல் மூழ்கினால் காப்பீட்டுப் பணம் முதலாளிக்கு, கடலடி மாலுமிக்கு. பாராளுமன்றத்தில் டார்பி நகரின் பிரதிநிதியாயிருந்த சாமுவேல் பிளிம்சால் என்பார் இக்கொடுமையை எதிர்த்துப் பல்லாண்டு போராடினார். அதன் பயனாக 1876-ஆம் ஆண்டில், கப்பலின் பக்கத்தில் பாரக்கோடு ஒன்று வரைந்தே தீரவேண்டும் என்று சட்டம் பிறந்தது. ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள்! கோட்டை எந்த உயரத்தில் வரைவது என்பதை அச்சட்டம் கப்பல் முதலாளியின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. 1890-ல் வேறொரு சட்டம் வந்த பின்னரே கோட்டின் இடம் விதிப்படி அமைந்தது. ஆகவே பதினான்கு ஆண்டுகள், பாரமேற்றி இலாபமடைபவனே பாரத்தின் எல்லையையும் தீர்மானித்து வந்தான்.

இன்னொன்று. இன்று கப்பலின் பக்கத்திலே ஒரு கோடன்று, பல கோடுகள் இருக்கின்றன. வெப்பமண்டலக் கடலுக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று, வட அட்லாண்டிக்கின் குளிர்காலத்துக்கு எல்லாவற்றினும் தாழ்ந்த ஒன்று, ஆற்று நீருக்கு வேறு. கப்பல் ஒன்றே, ஆனால் அது மிதக்கும் நீரும் பருவமும் மாறினால் அதன் சக்தியும் மாறுகிறது.

நம் முன்னோர் பலரை இக்கரைக்குக் கொண்டுவந்த ரஜூலா கப்பல் 1926-ல் கட்டப்பட்டது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தளப் பிரயாணிகளை ஏற்றலாம் என்று அதற்கு அனுமதி அளித்திருந்தார்கள். அந்த எண் கப்பலுக்குப் பொருந்தியது. மடியில் பிள்ளையுடன் அத்தளத்தில் சுருண்டு கிடந்துவந்த தாய்க்குப் பொருந்தியதா என்பதை நம் பாட்டிமார்தாம் சொல்லவேண்டும்.

இனி மனிதனுக்கு வருவோம். இங்கிலாந்தில் 1882-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, மணமான பெண் தன் பெயரில் சுதந்தரமாகச் சொத்து வைத்துக்கொள்ளும் சக்தியற்றவள் எனக் கருதப்பட்டாள். சட்டம் மாறிய மறுநாள் அவள் மூளை புதிதாக வளர்ந்ததா?

1905-ல் பாரிஸ் நகரத்து அறிஞர் பினே என்பார், பள்ளியில் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டறிந்து உதவும் பொருட்டுச் சில சோதனைகளை வகுத்தார். அறிவு என்பது கூட்டவோ குறைக்கவோ முடியாத நிலையான அளவு என்போரை அவர் கடிந்தே எழுதினார். அவர் சோதனைகளின் வழிவந்தவற்றைக் கொண்டு அமெரிக்கர் 1917-ல் தம் படையினரைத் தரம் பிரித்தனர். அக்கணக்கை ஆதாரமாகக் காட்டி, ஐரோப்பாவின் தென்பகுதியாரும் கிழக்குப் பகுதியாரும் அறிவிலே தாழ்ந்தவர் என்று பிரிகம் என்னும் பேராசிரியர் 1923-ல் நூலெழுதினார். அவரே 1930-ல் அம்முடிவுகளுக்கு ஆதாரமில்லை என்று எழுதிவிட்டார். இடையே ஏழாண்டுகள் கழிந்தன.

நம் நாட்டிலும் இது நிகழ்ந்ததே. கூட்டு மலாய் நாடுகளில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகளேனும் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டுமென விதித்தது. வைத்தார்கள், எப்படி? பல இடங்களில் ஒரு கொட்டகை, ஒரே ஆசிரியர். அவரும் சில தோட்டங்களில் எம்மைப் போன்ற கிராணியோ கங்காணியோதான்; கணக்கு முடிந்த பின்னரே பாடம். அந்தப் பள்ளியிலிருந்து பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குப் போன பிள்ளை திணறினால், ‘கூலி பிள்ளைக்கு மூளை இவ்வளவுதான்’ என்றார்கள். அட்லாண்டிக்கின் குளிர்காலத்தில் மிதக்கவிட்டுப் பார்த்துவிட்டு, இக்கப்பலின் சக்தியே இவ்வளவுதான் என்று எழுதி வைத்ததற்கு இது ஒப்பாகும்.

இதற்கு மாறாக, மனிதன் முயன்றால் ஆகாதது ஒன்றுமில்லை, சக்திக்கு எல்லையே கிடையாது என்று மேடையில் முழங்குவாரும் உளர். கேட்க இனிக்கும், நாம் அதனையும் அஞ்சுகிறோம். அந்நாளில் பிரட்டுக்களத்தில் நின்று, ‘இன்னும் ஐம்பது மரம் வெட்டினால் செத்தா போவாய்?’ என்று அதட்டிய துரையும் இதே தத்துவத்தைத்தான் போதித்தார். காலையில் அத்தொழிலாளியின் முதுகுக்கு எல்லையில்லை. மாலையில் அவன் மகனின் அறிவுக்கு எல்லை உண்டு. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரண்டையும் ஒரே மனிதர் ஒரே நாளில் கூசாமல் கூறக் காரணம், இரண்டும் ஒரே பேரேட்டில் வரவாக விழுந்ததே.

தோட்டங்கள் பல இன்று செம்பனையாகிவிட்டன, லயங்கள் இடிந்தன, நம்மவரில் பெரும்பாலோர் பட்டணம் சேர்ந்துவிட்டனர். துரையின் பேச்சு மட்டும் நம் வீட்டுத் திண்ணைக்குக் குடிவந்திருக்கிறது. ‘விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும்’ என்று தந்தை தம் மகளிடம் சொல்கிறார். ‘இவளுக்குக் கணக்கு ஏறவில்லை’ என்று தாயும் ஒத்து ஊதுகிறாள். ஏறவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். எல்லோருக்கும் எல்லாம் ஏறுவதில்லை. ஆனால் எட்டு வயதில் தம்பியை இடுப்பில் ஏற்றி, விடியுமுன் அடுப்பு மூட்டி, எல்லோரும் உறங்கிய பின் புத்தகம் விரிக்கும் பெண்ணிடம் நாம் கண்டது கணக்கின் எல்லையா, அல்லது தம்பியின் பாரமா?