யாருக்கு இந்தக் கணக்கு?

பெஞ்சமின் பிராங்க்ளின் பிலடெல்பியாவில் அச்சகம் நடத்திக்கொண்டிருந்த இளவயதில் ஒரு சின்னக் குறிப்பேடு வைத்திருந்தார். பக்கங்களில் சிவப்பு மையால் கோடு போட்ட கட்டங்கள். வாரத்தின் நாட்களுக்கு 7 பத்திகள். தான் பழக நினைத்த நற்குணங்களுக்கு 13 வரிகள். இரவில் அன்றைய நாளை நினைத்துப் பார்த்து, எந்தக் குணத்தில் தவறினாரோ அந்தக் கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைப்பார். வாரத்துக்கு ஒரு குணத்தின் மேல் தனிக் கவனம், 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நான்கு சுற்று. இன்று கைப்பேசியில் பழக்கங்களைக் குறித்து வைக்கும் எந்தச் செயலியைத் திறந்தாலும் இதே கட்டங்கள்தான் விரிகின்றன. தவறைக் காட்டிய கறுப்புப் புள்ளி போய், வெற்றியைக் காட்டும் பச்சை டிக் வந்திருக்கிறது. அதைவிடப் பெரிய மாற்றம் இன்னொன்று உண்டு. பிராங்க்ளினின் ஏட்டில் அவரே எழுதிய ஒரு சிறு பிரார்த்தனை இருந்தது. காலை ஐந்து மணிக்கு எழுந்ததும் இன்று என்ன நல்லது செய்யப்போகிறேன் என்றும், இரவு படுக்குமுன் என்ன நல்லது செய்தேன் என்றும் தன்னைக் கேட்டுக்கொள்ள அவருடைய கால அட்டவணையிலேயே இடம் ஒதுக்கியிருந்தார். இளம் வணிகனுக்கு 1748இல் எழுதிய அறிவுரையில் காலத்தைப் பணமாகப் பார்க்கச் சொன்னவர் என்றே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அந்தப் பெயர் அவருக்குப் பொருந்தாததல்ல. ஆனாலும் அந்த வியாபாரியின் அட்டவணையில்கூட, பகல் வேலையின் இரண்டு முனைகளிலும் பணத்தால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி நின்றது.

நேரத்தை வீணாக்காமல் இருப்பது ஒரு கடமை என்று நாம் எல்லோரும் ஏறக்குறைய ஒப்புக்கொள்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சும்மா கிடந்தாலே மனத்தில் ஒரு உறுத்தல் வருகிறது. கடமை என்றால் அது யாருக்கோ செலுத்த வேண்டியது. இந்தக் கடமை யாருக்கு? முதலாளிக்கு என்றால் அலுவலக நேரத்தோடு அது முடிந்துவிட வேண்டும். விடுமுறை நாளின் உறுத்தலுக்கு அது விளக்கமாகாது. நமக்கு நாமே என்றால், கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரே. மனது வைத்தால் தள்ளுபடி செய்துவிடலாம். ஆனால் அது தள்ளுபடியாவதில்லை. காரணம் வரலாற்றில் இருக்கிறது என்பது என் வாதம். நாள்பட்டியல், நேரமணி, இரவுக் கணக்கு ஆகிய இந்தக் கருவிகளுக்கு மதத்துக்குள் நீண்ட வரலாறு உண்டு. அங்கே கணக்குக் கேட்பவர் ஒருவர் இருந்தார். கருவிகள் வெளியே வந்துவிட்டன, கேட்பவர் வரவில்லை. கணக்கு எழுதும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

சான்றுகள் நிறைய. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ 1548இல் அச்சானது. அதில் ஆன்ம சோதனைக்கு அவர் சொல்லும் முறை இது: விட்டொழிக்க நினைக்கும் ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள். காலையில் உறுதி எடு. மதிய உணவுக்குப் பின் மணி மணியாக நினைத்துப் பார்த்து, தவறிய ஒவ்வொரு முறைக்கும் அன்றைய கோட்டில் ஒரு புள்ளி வை. இரவு உணவுக்குப் பின் இரண்டாவது கோட்டில் அதையே செய். பிறகு நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிட்டுப் பார். பிராங்க்ளினுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்கு முந்தைய புள்ளிகள் இவை. இன்னும் நான்கு நூற்றாண்டு பின்னால் போனால் இமாம் கஸ்ஸாலி. 1111இல் மறைந்த அவர், தன் ‘இஹ்யா’வில் மனிதன் தன் மனத்தை வியாபாரக் கூட்டாளியைப் போல நடத்தச் சொல்கிறார்: காலையில் நிபந்தனை பேசு, பகலில் கண்காணி, மாலையில் உட்கார்ந்து லாப நட்டம் பார், நட்டத்துக்குத் தண்டனையும் கொடு. இலக்கு வைத்தல், கண்காணித்தல், மதிப்பிடுதல் என்று இன்று நிறுவனங்களில் வகுப்பெடுக்கிறார்களே, அந்த ஏற்பாடு ஒன்றுகூடக் குறையாமல் இங்கே இருக்கிறது.

இவற்றில் எனக்கு அதிகம் சொல்லித் தருவது மணிதான். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் தன் மடத்துக்கு எழுதிய ஒழுங்குநூல் 73 அதிகாரங்கள் கொண்டது. சோம்பல் ஆன்மாவின் பகை என்று 48ஆம் அதிகாரத்தில் சொல்லி, கைவேலைக்கும் வாசிப்புக்கும் நேரம் பிரித்துக் கொடுக்கிறது. நேர நிர்வாகத்தின் தொடக்கம் என்று இந்த இடத்தைப் பலர் காட்டுவார்கள். அதே நூலின் 43ஆம் அதிகாரத்தைக் காட்டுவோர் குறைவு. வழிபாட்டுக்கான அழைப்பு கேட்டதும் துறவி கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டும் என்கிறது அது. மண்வெட்டியோ இறகுப் பேனாவோ, பாதியில் நின்றால் நிற்கட்டும். நம் அலாரம் வேலையைத் தொடங்கச் சொல்லி அடிக்கிறது. அந்த மணி வேலையை நிறுத்தச் சொல்லி அடித்தது. 57ஆம் அதிகாரம் இதையும் தாண்டுகிறது. மடத்தில் கைத்தொழில் தெரிந்த ஒருவன், தன் திறமையால் மடத்துக்கு வருமானம் வருகிறது என்று கர்வப்பட ஆரம்பித்தால், அவனை அந்தத் தொழிலிலிருந்தே விலக்கிவிட வேண்டும். செய்த பொருளை வெளியார் விற்பதைவிடக் கொஞ்சம் மலிவாக விற்க வேண்டும். வருமானம் ஈட்டித் தருபவனை அந்தக் கர்வத்துக்காகவே வேலையிலிருந்து எடுக்கும் நிர்வாகம்! மனிதவளத் துறையில் யாரும் இதை நடைமுறைப்படுத்த மாட்டார்கள். ஆனால் அந்த மடத்தில் வேலை எதற்காக என்பது தெளிவாக இருந்ததால், அந்த நோக்கத்தை மறக்கடிக்கும் அளவுக்கு வேலை வளர்ந்தால் வெட்டிவிட முடிந்தது. 1980களின் கடைசியில் இத்தாலியைச் சேர்ந்த பிரான்செஸ்கோ சிரில்லோ தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்து 25 நிமிட வேலை, பிறகு சிறு ஓய்வு என்ற முறையை உண்டாக்கினார். அங்கேயும் மணி நிறுத்தத்தான் அடிக்கிறது. ஆனால் அந்த ஓய்வு அடுத்த 25 நிமிடத்துக்காக.

கருவி நடுநிலையானதுதானே, நோக்கத்தை அவரவர் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தக் கருவிகளில் சில உண்மையிலேயே பலன் தருகின்றன. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் தொகுத்துச் சொன்ன ஒரு கண்டுபிடிப்பு இது: ‘இனி நடைப்பயிற்சி போவேன்’ என்று தீர்மானிப்பவரைவிட, ‘காபி குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டுவேன்’ என்று நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர் அதைச் செய்து முடிக்க வாய்ப்பு அதிகம். செலவில்லாத நல்ல உத்தி, நான் மறுக்கவில்லை. ஆனால் நாள்பட்டியல் நடுநிலையானது என்பதை மறுக்கிறேன். அரிஸ்டாட்டில் ‘மெட்டாபிசிக்ஸ்’ நூலில் செயல்களை இரண்டாகப் பிரிக்கிறார். வீடு கட்டுவது ஒரு வகை: கட்டிக்கொண்டிருக்கும்வரை முடியவில்லை, முடிந்துவிட்டால் கட்டுவது இல்லை. பார்ப்பது, சிந்திப்பது, நன்றாக வாழ்வது இன்னொரு வகை: செய்துகொண்டிருக்கும் அந்தக் கணத்திலேயே அவை முழுமை பெற்றுவிடுகின்றன, முடிவு என்று தனியாக ஒன்று கிடையாது. டிக் போடும் கட்டம் முதல் வகைக்காகவே செய்யப்பட்டது. மின்கட்டணம் கட்டியாயிற்று, டிக். பிள்ளையை வளர்த்தாயிற்று என்று டிக் போட முடியுமா? படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவின் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததைப் பட்டியல் எப்படிப் பார்க்கும்? ஒன்றும் நடக்காத இரண்டு மணி நேரமாகத்தான். முடிகிற காரியங்களுக்கு மட்டுமே கட்டம் இருக்கும்போது, முடியாதவை மெல்ல மெல்லக் கண்ணிலிருந்து விலகுகின்றன. யாரும் திட்டமிட்டு இதைச் செய்வதில்லை. ராத்திரி பட்டியலைப் பார்க்கையில் எது திருப்தி தருகிறதோ அதையே மறுநாளும் மனம் தேடிப் போகிறது.

இதைவிடக் கனமான எதிர்வாதம் சமூகவியலாளர் மாக்ஸ் வேபருடையது. 1904-05இல் வெளிவந்த ‘புராட்டஸ்டண்ட் அறம்’ கட்டுரைகளில் அவர் காட்டியது, மதம் இந்தக் கணக்கை மென்மையாக்கவில்லை, இரக்கமில்லாததாக்கியது என்பதே. நேரத்தை வீணடிப்பதைப் பாவங்களில் முதன்மையானதாக எண்ணிய 17ஆம் நூற்றாண்டுப் பியூரிட்டன்களை அவர் சாட்சிக்கு அழைக்கிறார். பிராங்க்ளினின் கட்டம் போட்ட ஏட்டையும் சுட்டிக்காட்டுகிறார். தான் கடவுளால் தேர்ந்தெடுக்கப்பட்டவனா என்று தெரியாத பயத்தில் ஒருவன் ஓயாமல் உழைத்து, அந்த உழைப்பிலேயே அடையாளம் தேடினான். அப்படியானால் நான் திரும்பக் கொண்டுவரச் சொல்லும் ‘யாருக்கு’ என்ற அந்தக் கேள்விதான் நோயின் மூலமே அல்லவா? பாதி ஒப்புக்கொள்கிறேன். கஸ்ஸாலியிடம் தண்டனை இருந்ததை மேலே சொன்னேன். கணக்குக் கேட்கும் கடவுள் எப்போதும் கனிவானவராக இருந்ததில்லை. ஆனால் எல்லாக் கணக்கும் ஒன்றல்ல. இஞ்ஞாசியாரின் பொதுவான ஆன்ம சோதனை, பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வதில் தொடங்கி, மன்னிப்புக் கேட்டு, நாளைக்கான உறுதியில் முடிகிறது. அந்தக் கணக்குக்கு ஒவ்வொரு இரவும் ஒரு முடிவு உண்டு. பியூரிட்டனின் கணக்கு தன் தகுதியை நிரூபிக்கும் கணக்கு. அதற்கு முடிவே கிடையாது. நம் கைப்பேசிக் கட்டங்கள் எதைப் போல இருக்கின்றன? நன்றிக்கும் மன்னிப்புக்கும் அங்கே இடமில்லை. நாற்பது நாள் தொடர்ச்சியாகச் செய்த ஒன்றை ஒருநாள் காய்ச்சலில் விட்டால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது. வேபரே கடைசியில் சொல்வதும் இதைத்தான்: அவர்கள் விரும்பி ஏற்றதை நாம் கட்டாயத்தில் சுமக்கிறோம், மத வேர் காய்ந்த பிறகும் கூண்டு நிற்கிறது. கடவுள் போனதால் பயம் போகவில்லை.

இன்னொரு எதிர்ப்பை நூல்களில் தேட வேண்டாம், தெருவிலேயே கேட்கலாம். ‘எதற்காக’ என்று யோசிக்கும் வசதி யாருக்கு இருக்கிறது? நான்கரை மணிக்கு எழுந்து சமைத்து, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய், ராத்திரி பாத்திரம் கழுவிப் படுக்கும் பெண்ணிடம் நோக்கத்தைப் பற்றிப் பேசுவது எள்ளல் ஆகாதா? ஆகலாம். அவளுக்கு முதல் தேவை அந்த வீட்டில் இன்னொரு ஜோடிக் கை; எந்த உத்தியும் அதற்கு ஈடாகாது. நேர நிர்வாக நூல்கள் இதைச் சொல்லாமல் விடுவது அவற்றின் பெரிய குறை. ஆனால் இந்த எதிர்ப்பு என் வாதத்தைச் சாய்க்கவில்லை. அடுத்தவர் கட்டளையால் நாள் நிரம்பியிருப்பவருக்கு இன்னும் அதிகம் செய்யச் சொல்லும் கருவியைக் கொடுப்பது கொடுமை. இதில் எதை விடலாம், எதை அடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும் உரிமை அவருக்குத்தான் மற்றவரைவிட அதிகம் தேவை.

முதலில் எதைச் செய்வது என்று கேட்டுவிட்டுப் பிறகு நேரத்தைப் பார்க்கும் வரிசைமுறை நமக்குப் புதிதும் அல்ல. காலமறிதலும் மடியின்மையும் பாடிய வள்ளுவரைச் சுறுசுறுப்பின் ஆசானாக மேடைகளில் அடிக்கடி நிறுத்துகிறார்கள். காலமறிதல் 49ஆம் அதிகாரம். அதற்கு இரண்டு அதிகாரம் முன்னால், 47ஆவதாக, தெரிந்துசெயல்வகை இருக்கிறது. செய்யக்கூடாததைச் செய்வதும் கேடு, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் கேடு என்று அங்கே பேசப்படுகிறது. எதைச் செய்வது என்பது முதலில். எனக்கு அதற்கு வலு உண்டா என்பது 48இல். எப்போது என்பது அதற்குப் பிறகுதான். அரசனுக்குச் சொன்ன வரிசை இது. எப்போது என்பதிலிருந்து தொடங்கும் இன்றைய கையேடுகள் இரண்டு படிகளைத் தாண்டி ஏறுகின்றன.

கடவுளை நம்பாதவருக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், கேட்பவர் கடவுளாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சம்பளம் கொடுப்பவராகவும் செயலியை விற்பவராகவும் மட்டும் இல்லாமல் இருந்தால் போதும். செத்துப்போன ஆசிரியராக இருக்கலாம், வளர்ந்துவரும் மகளாக இருக்கலாம், எதிர்வீட்டுக்காரராகக்கூட இருக்கலாம். அவரிடம் இன்றைய நாளைச் சொன்னால் எதைச் சொல்ல விரும்புவோம் என்பதே அளவு. ஆகவே பட்டியல் எழுதுங்கள், மூன்று நான்கு வரிக்கு மேல் போகாமல். எப்போது, எங்கே என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அலாரம் வைப்பதானால் வேலையை நிறுத்தவும் ஒன்று வையுங்கள், அது அடித்ததும் பாதியில் விடுங்கள். ராத்திரி ஏட்டை மூடுமுன், முடியாமல் நாளைக்குத் தள்ளப் பார்க்கும் வேலைகளை ஒருமுறை படித்து, அவற்றில் யாருக்கும் தேவைப்படாத ஒன்றையாவது அடித்துவிடுங்கள்.