துன்பம் பட்டை தீட்டுமா?

தோட்டத்துச் சாவு வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்: "ஆண்டவன் நம்மளப் பட்டை தீட்டுறான்." கொழுந்து மலையில் வழுக்கி விழுந்து கால் முறிந்தவருக்கும் அதையே சொல்வார்கள்; படித்தும் வேலை கிடைக்காமல் நிற்கும் பையனுக்கும் அதையே சொல்வார்கள். திருவிழாவில் பிரசங்கம் செய்ய வருகிறவர்கள் இன்னும் விரித்து, இரத்தினக்கல் தேயத் தேயத்தான் ஒளிரும், மனிதன் துன்பப்படத் துன்பப்படத்தான் பக்குவப்படுவான் என்பார்கள். ஆறுதலுக்காகச் சொல்லும் வார்த்தைதான். ஆனாலும் அது உண்மையா என்று கேட்க எனக்கு உரிமை உண்டென்று நினைக்கிறேன். நான் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். பதுளையில் என் வீட்டுப் பின்விறாந்தையில் நீலக்கல் பட்டை தீட்டுவதில்தான் இப்போது என் பொழுது போகிறது.

இந்தக் கைவேலையை எனக்குக் காட்டித் தந்தவர் ஒரு முஸ்லிம் பெரியவர். நானா என்றுதான் கூப்பிடுவேன். வில்லால் இழுத்துச் சக்கரத்தைச் சுழற்றும் பழைய பட்டறையில் பழகியவர் அவர். கல் கைக்கு வந்ததும் நான் சக்கரத்தின் பக்கம் திரும்பினால், "அவசரப்படாதீங்க மாஸ்டர், மொதல்ல கல்லப் பாருங்க" என்பார். அந்தப் பார்வையிலேயே வேலை பாதி முடிந்துவிடும். நீலக்கல்லில் நிறம் ஒரே சீராக இராது. ஒரு மூலையில் திட்டாக நிற்கும். மிச்சம் வெளிறிக் கிடக்கும். அந்தத் திட்டு அடிமுனையில் அமையும்படி வெட்டினால், மேலிருந்து பார்க்கையில் கல் முழுவதும் நீலமாய்த் தெரியும். ஒரு திசையில் பார்த்தால் தெளிந்த நீலம், இன்னொரு திசையில் பச்சை கலந்த நீலம். எந்த முகம் மேலே வர வேண்டும் என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். உள்ளே வெடிப்பு உண்டா, உண்டென்றால் அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

அதன் பிறகே அரக்கை உருக்கிக் கல்லைக் குச்சி நுனியில் ஒட்டி, வைரப்பொடி தடவிய செப்புத் தட்டில் வைப்பது. மோஸ் அளவுகோலில் நீலக்கல்லின் கடினம் 9. அந்த அளவுகோலில் அதற்கு மேல் நிற்பது வைரம் ஒன்றுதான். அவ்வளவு கடினமான கல்லும் ஓங்கி அடித்தால் தெறித்துவிடும், திடீரென்று சூடேறினால் விரிசல் விடும். அதனால் தட்டில் நீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி தொட வேண்டும். அடிப்பட்டைகள் 40 பாகைக்குச் சற்று மேலான சரிவில் அமைந்தால், மேலிருந்து புகுந்த ஒளி உள்ளே திரும்பி மேலேயே வரும். சரிவு குறைந்தால் அடிவழியே கசிந்துபோகும். கல்லின் உள்ளை அறிந்த ஒருவர், எங்கே நிறுத்த வேண்டும் என்றும் அறிந்து தொடுவதற்குப் பெயர்தான் பட்டை தீட்டல்.

துன்பத்துக்கு அந்தக் கண் உண்டா? நம் ஊவா மாகாணத்து மண்ணே இதற்குப் பதில் சொல்கிறது. மொனராகலை மாவட்டத்து ஒக்கம்பிட்டியவில் இல்லம் எனப்படும் கூழாங்கல் படிவத்திலிருந்து எடுத்த கற்களைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். 50 கோடி ஆண்டுகளுக்கும் முன் பாறைக்குள் விளைந்து, பாறை சிதைந்த பின் வெள்ளத்தில் உருண்டு வந்தவை அவை. முனை மழுங்கி, மேற்பரப்பு சொரசொரத்து, உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாமல் பார்வை மங்கிக் கிடக்கும். 2012 பெப்ரவரியில் கதிர்காமம்–லுணுகம்வெஹெர வீதி வேலைக்குக் கொட்டிய மண்ணில் நீலக்கற்கள் கிடைத்து, சனம் திரண்டு ஓடியது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கற்களோ கூரிய விளிம்பும் பளபளக்கும் முகமுமாக இருந்தன. காரணம், அவை பிறந்த இடத்தை விட்டு அதிகம் உருளவில்லை. எத்தனையோ காலம் அடித்த வெள்ளம் ஒரு கல்லில் ஒரு பட்டைகூடப் போட்டதில்லை. பிறவியிலேயே இருந்த முகத்தையும் அது அழித்தது.

நெருப்பைச் சொல்வார்கள். பால்போல் மங்கிய கெவுடக் கல்லை 1500 பாகை செல்சியசுக்கும் மேலான சூட்டில் வைத்தால் நீலமாக மாறுகிறதே என்பார்கள். உண்மை. கல்லுக்குள் மெல்லிய ஊசிகளாய் நின்று மங்கலைத் தந்த டைட்டேனியம் கரைந்து, இரும்போடு சேர்ந்து நீலம் தருகிறது. ஆனால் அது உலை. சூட்டையும் காற்றையும் நேரத்தையும் ஒருவர் அருகிருந்து கவனிக்கிறார். எந்தக் கல் தாங்கும், எது வெடிக்கும் என்று பிரித்த பிறகே உள்ளே வைக்கிறார். காட்டுத் தீக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. அந்த இடம் ஆபத்தானதென்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. அந்தப் பிள்ளைகளிடம் போய், ஆண்டவன் உங்களைப் பட்டை தீட்டினான் என்று சொல்ல யாருக்கு நா எழும்? 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து எம் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. எஞ்சியிருந்தோருக்கும் உரிமை கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மனிதர் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் ஆண்டவன் தலையில் கட்டினால், தப்பிப்பது அந்த மனிதர்தான்.

சைவம் படித்தவர்கள் அப்பரைக் காட்டி மறுக்கலாம். சூலை நோய் கொடுத்தல்லவா இறைவன் அவரை ஆட்கொண்டான். துன்பம் தந்து ஆட்கொள்ளும் மறக்கருணை என்று ஒன்று உண்டல்லவா? அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரிய புராணம் சொல்லும் வரலாற்றைக் கவனியுங்கள். நோயால் துடித்து வந்த தம்பியிடம் திலகவதியார், இது உன்னைப் பக்குவப்படுத்தத்தான் என்று பிரசங்கம் செய்யவில்லை. திருநீறு தந்து, திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். சூலை அருளென்பது அதை அனுபவித்த அப்பர் வாயில் வந்தால்தான் பொருந்தும். தன் துன்பத்தில் ஒருவர் அருளைக் கண்டால் அதைக் கைகூப்பிக் கேட்கலாம். பிறர் துன்பத்துக்கு அந்தப் பெயரை வைக்க நமக்கு அதிகாரமில்லை.

அப்படியானால் மனிதனைத் தீட்டுவது எது? நீலக்கல்லுக்குச் சொந்த ஒளி கிடையாது. இருட்டறையில் அதுவும் ஒரு கூழாங்கல்தான். உயிர் தானாக அறியாது, அறிவிக்க அறியும் என்பது சைவ சித்தாந்தம். ஒளி அருளுடையது. அது உள்ளே போய்த் திரும்பி வர வழி செய்வது மட்டுமே கையின் வேலை. அந்தக் கை, நம்மை உள்ளும் புறமும் அறிந்து, தாங்கும் அளவும் அறிந்து தொடுகிற கையாக இருக்க வேண்டும். வகுப்பில் கடைசி வாங்கில் ஒடுங்கியிருந்த பிள்ளையை அப்படி ஒரு ஆசிரியை திறந்துவிட்டதைக் கண்டிருக்கிறேன். பசியும் அடியும் அதைச் செய்து நான் கண்டதில்லை. பசியிலும் அடியிலும் நிமிர்ந்து நின்ற பிள்ளைகள் உண்டு. விசாரித்துப் பார்த்தால், ஒவ்வொருவருக்குப் பின்னாலும் ஒரு அம்மாயியோ அண்ணனோ ஆசிரியரோ இருந்திருப்பார்.

ஆகவே கோயில் மேடையில் பேசுவோரிடமும் சாவு வீட்டுக்குப் போவோரிடமும் ஒன்று கேட்கிறேன். சொல்ல வார்த்தை இல்லையென்றால் பக்கத்தில் உட்காருங்கள். அடுப்பெரியாத வீட்டுக்குச் சோறு கொண்டு போங்கள். லயம் சரிவில் நின்றால், அடுத்த மழைக்கு முன் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் முறையிடுங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள். ஆண்டவன் பெயரால் துன்பத்துக்கு நற்சான்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள்.