அப்பாவுக்கு ஒரு ரேடியோ

லண்டனில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், கும்பகோணத்தில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு ரேடியோ வாங்க நினைத்தார். அப்பாவுக்கு வயது 82. அவருடைய பழைய டிரான்சிஸ்டர் பாட்டைவிட அதிகமாகக் கரகரத்துக்கொண்டிருந்தது.

"டச் ஸ்க்ரீன், டிஜிட்டல், இன்டர்நெட், எஃப்.எம். எல்லாம் ஒரே பெட்டியில சார். உலகம் பூரா பல்லாயிரம் ஸ்டேஷன் வரும். வாங்கிடட்டுமா?" என்று போனில் கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அங்கே கடைகளில் 'டிஜிட்டல்' என்று எழுதியிருப்பது டி.ஏ.பி. ஒலிபரப்பு. பி.பி.சி. அதை 1995-லேயே ஆரம்பித்துவிட்டது. நார்வே 2017-ல் தேசிய நிலையங்களின் எஃப்.எம். ஒலிபரப்பையே நிறுத்திவிட்டு அதற்கு மாறியது. நம்ம ஊரில் டி.ஏ.பி. கிடையாது. ஆகாசவாணி மத்திய அலைக்குத் தேர்ந்தெடுத்தது டி.ஆர்.எம். என்கிற வேறு முறை. ஆகவே அந்தப் பெட்டியில் 'டிஜிட்டல்' பகுதி கும்பகோணத்தில் ஊமை. இன்டர்நெட் பேசும். "வீட்டில் வைஃபை இருக்கா?" என்றேன். இருந்தது. வாங்கிவிட்டார். லீவில் வந்தபோது வைத்துவிட்டும் போனார்.

பத்து நாள் கழித்து போன் செய்தால், அப்பா பழைய டிரான்சிஸ்டரைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்!

காரணம் ரொம்பச் சின்னது. டச் ஸ்க்ரீன் நம் விரலில் இருக்கும் மின்கடத்தும் தன்மையை வைத்து வேலை செய்கிறது. வயதாகி உலர்ந்துபோன விரல்நுனியைச் சில சமயம் அது கண்டுகொள்வதே இல்லை. பழைய குமிழை அவர் இருட்டில்கூடத் திருகுவார். இப்போது ஒவ்வொரு தடவையும் எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டும். காலை 5 மணிக்கு யாரைக் கூப்பிடுவது?

பல்லாயிரம் ஸ்டேஷனைக் கொடுத்தோம். தன் கையால் ரேடியோ போடுகிற சுதந்திரத்தை எடுத்துக்கொண்டோம். ஒருவருக்கு நல்லது செய்யக் கிளம்பி, அவரிடம் ஏற்கெனவே இருந்த ஒன்றைப் பிடுங்கிவிடுவது நம்மில் பலருக்குப் பழக்கம்தான்.

அந்தப் பெட்டியே பிறர் தயவில் பிழைப்பதுதான். ஸ்டேஷன் பட்டியல் எங்கேயோ இருக்கும் ஒரு சர்வரிலிருந்து வருகிறது. 2021-ல் ரெசிவா என்ற சேவை மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த எத்தனையோ ரேடியோக்கள் நல்ல நிலையில் இருந்தும் பட்டியல் கிடைக்காமல் தவித்தன. காசு கொடுத்து வாங்கியது நம்முடையதா, அவர்களுடையதா என்று அன்றைக்குப் பலருக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

நண்பருக்கு மனசு கேட்கவில்லை. "தப்புப் பண்ணிட்டேன் சார். பழைய மாதிரியே ஒண்ணு வாங்கிக் குடுத்துடறேன். அவருக்கு இந்த இன்டர்நெட் எல்லாம் வேண்டாம்" என்றார். எனக்கும் சரியென்றே பட்டது. அப்பாவிடமும் அப்படியே சொல்லியிருக்கிறார்.

அப்பா சிரித்தாராம். "வேண்டாம்னு உனக்கு யாருப்பா சொன்னது? ஆகாசவாணியில சாஸ்திரீய சங்கீதத்துக்குன்னே 'ராகம்'னு ஒண்ணு இன்டர்நெட்ல வருதாமே, அதை ராத்திரியில கேக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. இந்தக் கண்ணாடிதான் எனக்குக் கட்டுப்படலை. முதல்ல வாங்கும்போதும் என்னைக் கேக்கலை. இப்பத் திருப்பி எடுக்கும்போதும் கேக்கலையே!"

2016 ஜனவரியில் தொடங்கிய அலைவரிசை அது. 82 வயதில் அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் அவரைத் தெரியவில்லை.

நண்பரை மட்டும் குறை சொல்வானேன்? டி.ஏ.பி., டி.ஆர்.எம்., வைஃபை என்று அத்தனை பேசிய நானும், "அப்பா என்ன கேட்பார்?" என்று கேட்கவில்லை. அலட்சியம் செய்தால் தப்பு என்று உடனே உறைக்கிறது. அன்பாகச் செய்கிற அலட்சியம் உறைப்பதே இல்லை.

இப்போது வேறு ஒரு இன்டர்நெட் ரேடியோ வந்திருக்கிறது. திருகுவதற்கு நிஜமான குமிழ். அழுத்துவதற்கு நான்கு பட்டன்கள். முதல் பட்டனில் 'ராகம்'. அடுத்த இரண்டையும் அப்பாவே சொல்லி வைத்துக்கொண்டார். நான்காவது காலியாக இருக்கிறது. அதில் என்ன வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.

யோசிக்கட்டும். நாம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.