வாயில்லாச் சீவனும் வரவு செலவுக் கணக்கும்

சைவசித்தாந்தம் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருள் உண்மையைப் பேசுகின்றது. உயிருக்குப் பசு என்றும், அதனைப் பிணித்த கயிற்றுக்குப் பாசம் என்றும், அதன் தலைவனுக்குப் பதி என்றும் பெயரிட்ட மெய்ஞ்ஞானிகள் மாட்டுப் பட்டியின் இயல்பை நன்கு அறிந்தவர்களாகவே இருந்திருத்தல் வேண்டும். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலையும் இறைவன் ஆற்றுவது தனக்கு ஒரு பயன் கருதியன்று, உயிர்கள் ஈடேறவேண்டும் என்ற கருணையினாலேயே என்பது சைவத்தின் துணிபு. பசுவினால் பதிக்கு ஆவது ஒன்றுமில்லை. ஆயினும் பதி பசுவைக் கைவிடுவதில்லை.

இவ்வளவு உயர்ந்த உண்மை, வீட்டுக் கோடிக்குள் வரும்போது மிகச் சிறிய கேள்வியாக உருமாறிவிடுகின்றது. “இந்த நாய்க்குப் போடுற சோத்துக்கு என்ன லாபம்?” “பால் வத்தின மாட்டுக்குப் பிண்ணாக்கு வாங்கிக் கட்டுமோ?” இவ்வாறு கேட்பவர்கள் இரக்கமற்றவர்கள் என்று கொள்ளுதல் தவறு. பிள்ளையின் ரியூசன் காசையும் கடைக் கொப்பியையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு மாதக் கடைசியில் குந்தியிருந்து யோசிக்கும் குடும்பத்தலைவிக்கு அக்கேள்வியைக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் அக்கேள்வி எப்போது கேட்கப்படுகின்றது என்பதிலேயே அறம் தங்கியுள்ளது.

முற்காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகளில் இக்கேள்வி பெரிதாக எழவில்லை. முன்னோர் யாவரும் கருணையில் சிறந்தவர்கள் என்பது அதற்குக் காரணமன்று. அன்று வளர்ப்புப் பிராணிகளுக்குக் காசு செலவாகவில்லை, அவ்வளவுதான். வடித்த கஞ்சியும் அரிசி கழுவிய கழுநீரும் மாட்டின் தொட்டிக்குச் சென்றன. பானையில் மிஞ்சிய சோறு நாய்க்குச் சென்றது. பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் நின்ற வேலி, எல்லைக்கு எல்லையாகவும் ஆட்டுக்குக் குழையாகவும் பயன்பட்டது. விழுந்த பலாவிலையைச் சிறுவர்கள் கம்பியால் குத்திக் கோத்து வந்து ஆட்டுக்குப் போடுவார்கள். அது அவர்களுக்கு விளையாட்டு, ஆட்டுக்கு உணவு. மாடு எருவைத் தந்தது. அந்த எருவில் புகையிலையும் வெங்காயமும் விளைந்தன. வீட்டின் மிச்சத்தில் மிருகமும், மிருகத்தின் மிச்சத்தில் தோட்டமும் வாழ்ந்தன.

இன்று வேலி போய் மதில் வந்துவிட்டது. மதிலில் குழை ஒடிக்க முடியாது. றைஸ்குக்கரில் கஞ்சி வடிப்பதில்லை. எத்தனை பேருக்கோ அத்தனை பேருக்கு அளந்து சமைக்கின்றார்கள். மிஞ்சினாலும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து மறுநாள் உண்கின்றார்கள். இதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆயினும் நாய்க்கென்று தனியாக ஒரு பிடி அரிசி போடவேண்டிய நிலை இதனால்தான் வந்தது. நாளொன்றுக்கு 200 கிராம் அரிசி எனக் கொண்டால் ஆண்டுக்கு 73 கிலோ. நாய் பன்னிரண்டு ஆண்டுகள் உயிர் வாழுமாயின் 876 கிலோ, அதாவது 17 அந்தருக்குச் சற்று மேல். அன்று மிச்சமாகக் கணக்கில் வராமற் போனது இன்று கடைக் கொப்பியில் வந்து நிற்கின்றது. நாய் அன்றும் இன்றும் ஒரே அளவுதான் உண்கின்றது. மாறியது அடுப்படி.

இலாபக் கணக்கை மட்டுமே நம்பி உயிர்களை வளர்ப்பதும் விடுவதும் எத்தகையது என்பதை அண்மைக்கால நிகழ்வுகளே காட்டின. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, அதுவரை எவரும் திரும்பிப் பாராத மாட்டெருவைத் தேடி விவசாயிகள் அலைந்தனர். அவ்வாண்டின் நடுப்பகுதியில் 380 ரூபாவாக இருந்த 400 கிராம் பால்மாப் பொதி 2022 மார்ச்சில் 790 ரூபாவாயிற்று. முதலாண்டில் “இனி மாடு கட்டி மாளாது” என்று விற்றவர்கள் மறுவருடம் பக்கத்து வீட்டுப் படலையில் போத்தலுடன் நின்றனர். மாட்டை வைத்திருந்தவர்களுக்கும் அந்தக் காலம் எளிதாக இருக்கவில்லை. தவிடும் பிண்ணாக்கும் விலையேறின, மருந்து தட்டுப்பட்டது. ஓராண்டு நட்டமாகத் தெரிந்தது மறு ஆண்டு இலாபமாயிற்று, அதற்கடுத்த ஆண்டு மீண்டும் வேறொன்றாயிற்று. ஆண்டுக்கு ஆண்டு புரளும் இந்தக் கணக்கின் மீது ஓர் உயிரின் இருப்பை வைப்பது எங்ஙனம்?

கணக்கு முடிந்ததும் கைவிடப்பட்ட உயிர்களைக் காண விரும்புவோர் நெடுந்தீவுக்குச் சென்று வரலாம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் அத்தீவில் குதிரைகள் வளர்க்கப்பட்டன. ஒல்லாந்தரின் குதிரை லாயத்துத் தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. குதிரைப் படைக்குத் தேவையிருந்த வரை அவற்றுக்குத் தீனியும் தண்ணீரும் காவலும் இருந்தன. தேவை தீர்ந்தது, வளர்த்தவர்கள் கப்பலேறினர். குதிரைகளின் வழித்தோன்றல்கள் மட்டும் அங்கேயே நின்றுவிட்டன. சுற்றுலா வருவோருக்கு அவை அழகிய காட்சி. கடுங்கோடையில் நன்னீர் கிடையாமல் அவற்றுள் சில செத்து விழுவதும் உண்டு. இலாபத்துக்காக வளர்த்தவர்களின் பெயர் வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கின்றது. தாகம் குதிரைகளிடம் இருக்கின்றது.

ஒல்லாந்தரைக் குறை கூறுவது எளிது. ஊருக்குள் நடப்பதைச் சொல்வதுதான் கடினம். உழவு இயந்திரம் வந்த நாள் முதல் நாம்பன் கன்றுக்கு மதிப்பில்லை. நாகு கன்று பிறந்தால் வீட்டில் மகிழ்ச்சி, நாம்பன் பிறந்தால் மௌனம். தாய்ப்பசு சுரப்பதற்காகச் சில மாதம் மட்டும் அதனைக் கட்டி வைத்திருப்பார்கள். பின்னர் அது விற்கப்படும், அல்லது கோயிலுக்கு நேர்ந்ததாகச் சொல்லி அவிழ்த்துவிடப்படும். நேர்த்தி என்றால் தனக்குப் பெறுமதியானதை இறைவனுக்குக் கொடுப்பதாகும். தனக்கு வேண்டாததை இறைவன் தலையில் கட்டுவதற்கு வேறு பெயர் சொல்லவேண்டும். அவ்வாறு விடப்பட்ட கன்று சில நாளில் கட்டாக்காலியாகிப் பிறர் தோட்டத்துப் பயிரை மேய்ந்து அடிவாங்குகின்றது. பட்டிப்பொங்கலன்று நெற்றியில் சந்தனமும் கழுத்தில் மாலையும் பெற்ற அதே கன்றுதான் அது.

நாய்க்குட்டிகளின் கதை இதனினும் வருந்தத்தக்கது. கடுவன் குட்டி என்றால் யாராவது கேட்டு வாங்குவார்கள். பெட்டைக் குட்டிகளை எவரும் விரும்புவதில்லை. கண் திறந்து சில நாளான அவற்றை உரப்பையில் கட்டி இரவோடிரவாகச் சந்தையடியிலோ, கோயில் வீதியிலோ விட்டுச் செல்கின்றார்கள். சந்தையை விடக் கோயிலையே பலர் தெரிவு செய்கின்றனர். “அன்னதான மடத்தில ஏதேன் கிடைக்கும், ஆரும் அடிக்க மாட்டினம்” என்பது அவர்களின் சமாதானம். விட்டுச் செல்பவரின் நெஞ்சில் சிறிதளவேனும் இரக்கம் இருக்கின்றது என்பதையே இது காட்டுகின்றது. ஆனால் அந்த இரக்கத்தின் செலவை வேறொருவர் ஏற்கவேண்டும் என்று அவர் எதிர்பார்க்கின்றார். திருவிழாக் காலத்தில் மடத்தில் எச்சில் இலை நிறையக் கிடைக்கும். கொடியிறங்கிப் பூங்காவனமும் வைரவர் மடையும் முடிந்து மடம் பூட்டப்பட்ட பின்னர் என்ன கிடைக்கும்? வைரவப் பெருமானின் வாகனமாக நாயை வணங்கும் அடியார்கள், அவ்வாகனத்தின் குட்டிகளை அப்பெருமானின் வாசலிலேயே பசியோடு விட்டுச் செல்வது எவ்வகை வழிபாடு என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கலாம்.

மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவத்தில் இதே வழக்கு தேவர் தலைவனின் முன்னிலையில் பேசப்படுகின்றது. தம்பியரும் துரோபதையும் வழியிலே வீழ்ந்துவிடத் தருமர் தனித்து நடக்கின்றார். ஒரு நாய் மட்டும் தொடர்ந்து வருகின்றது. தேர் கொண்டுவந்த இந்திரன், நாயை விட்டுவிட்டு ஏறுமாறு கூறுகின்றான். அவன் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. நாயை உடன் வைத்திருப்பவர் செய்த வேள்வி, தானம் முதலியவற்றின் பயன் யாவும் பறிபோய்விடும் என்கின்றான். இதுவும் ஒரு வரவு செலவுக் கணக்குத்தான், காசுக்குப் பதிலாகப் புண்ணியம். அன்பு கொண்டு அடைந்ததைக் கைவிடுதல் மிகக் கொடிய பாவம், தன் சுகத்துக்காக அதனைச் செய்ய இயலாது எனத் தருமர் மறுத்துவிடுகின்றார். அந்த நாய் அவர் விலை கொடுத்து வாங்கியதன்று. வேட்டைக்கோ காவலுக்கோ பழக்கியதுமன்று. தானாகவே வந்து சேர்ந்தது. அதன் வடிவில் வந்தவன் தருமதேவதை என்று கதை பின்னர் சொல்கின்றது. ஆனால் மறுத்த அந்தக் கணத்தில் தருமருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மறுப்புக்குப் பெருமையே இல்லை.

மாணிக்கவாசக சுவாமிகள் திருவாசகத்தில் பலவிடங்களில் தம்மை நாயோடு ஒப்பிட்டு, அத்தகைய தமக்கும் இறைவன் அருளினானே என்று உருகுகின்றார். எந்தப் பயனும் தராத ஒன்றை ஒரு தலைவன் ஏற்றுக்கொண்டான் என்பதுதான் அந்த உருக்கத்தின் பொருள். அதனைப் பூசையில் ஓதிவிட்டு வீடு திரும்பும் அடியார், படலையில் வாலாட்டி நிற்கும் சீவனிடம் பயன் கேட்பது சற்று வேடிக்கையானது.

எனினும் மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்த்தல் வேண்டும். அயல்வீட்டுப் பிள்ளை காலையில் வெறும் தேநீரோடு பள்ளிக்கூடம் போகையில், வெளிநாட்டுப் பணத்தில் வாங்கிய உயர்சாதி நாய்க்கு இறக்குமதித் தீனியும் வாசனைச் சவர்க்காரமும் வாங்குவது கருணையாகாது. அது பெருமிதம். பனிநாட்டுக்குரிய சடை நாயைச் சித்திரை வெயிலில் கூட்டுக்குள் அடைத்து வைப்பதும் அவ்வாறே. திருமூலர் இறைவனுக்கு ஒரு பச்சிலையும் பசுவுக்குச் சிறிது உணவும், தாம் உண்ணுமுன் பிறர்க்கு ஒரு பிடியும், அதுவும் இயலாதெனில் இனிய சொல்லும் போதும் என்ற கருத்தைத் தருகின்றார். அங்கே செலவு மிகச் சிறியது, எவராலும் இயலக்கூடியது. இன்னொரு பக்கம், ஒருவரிடம் உண்மையாகவே வசதியில்லை என்றால் மிருகம் வளர்க்காமலிருப்பது பாவமன்று. வளர்க்க இயலாது என்று தொடக்கத்திலேயே மறுப்பவர், வாங்கிவிட்டு ஓராண்டில் தெருவில் விடுபவரை விட நல்லவர்.

ஆகவேதான் கணக்குப் பார்க்கவேண்டிய நாள், குட்டியைக் கையில் எடுப்பதற்கு முந்திய நாளாகும். அன்று எவ்வளவு கறாராகப் பார்த்தாலும் தகும். பன்னிரண்டு ஆண்டுச் சோறு, ஆண்டுதோறும் தடுப்பூசி, பெட்டையாயின் கருத்தடைச் சத்திரசிகிச்சை, வீட்டார் வெளியூர் சென்றால் பார்ப்பதற்கு ஓர் ஆள், இவையெல்லாம் அந்தக் கணக்கில் வரவேண்டும். விசர்நாய்க்கடித் தடுப்பூசியைச் சுகாதாரப் பகுதியினர் ஊர் ஊராக வந்து இலவசமாகவே போடுகின்றனர். 1973இல் இந்நாட்டில் 377 பேர் நீர்வெறுப்பு நோயால் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் பணியினால் பிற்காலத்தில் அத்தொகை ஆண்டுக்குச் சில பத்துகளாகக் குறைந்தது. இலவசமாகக் கிடைப்பதற்கும் நாயைச் சங்கிலியில் பிடித்து வர மனமில்லாதவர்கள் செலவைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. ஊசி போடாத ஒரு நாய் தெருவில் நின்றால் அதன் செலவைக் கடிபட்ட அயலவரின் பிள்ளை கொடுக்கின்றது. 2006 முதல் தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கை நாட்டில் கடைப்பிடிக்கப்படுகின்றமையால், விடப்படும் ஒவ்வொரு பெட்டைக் குட்டியும் இரண்டு ஆண்டுகளில் எத்தனையாகப் பெருகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

குட்டியை எடுத்த பின்னர் பேச்சு வேறு. அதன்பின் அது விலையன்று, கடன். பெற்ற பிள்ளைக்கு ஊட்டிய சோற்றின் தொகையை எந்தத் தாயும் எழுதி வைப்பதில்லை. முதிய பெற்றோரின் மருந்துச் செலவை நட்டம் என்று சொல்ல எவருக்கும் நா எழாது. மிருகத்தை மனிதரோடு ஒப்பிடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஒப்பிடவேண்டியதில்லை. மனிதருக்கு வாய் உண்டு, உறவு உண்டு, ஊர் உண்டு, வழக்குப் பேச மன்றமும் உண்டு. கட்டிய கயிற்றின் நீளமே உலகம் என்றிருக்கும் சீவனுக்குக் கட்டியவர் ஒருவர்தான். 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் கொடுமை செய்தவருக்கு விதித்த உச்சத் தண்டம் 100 ரூபா. ரூபாவின் மதிப்பு வீழ்ந்து அந்தத் தொகை ஒரு தேநீர் விலைக்கு இறங்கிய காலத்திலும் அது மாறாமலே இருந்தது. சட்டத்தை நம்பி அவ்வுயிர்கள் வாழவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்த இரவை இவ்வூர்களில் மறந்தவர் இலர். கையில் எடுக்கக்கூடியதை மட்டும் எடுத்துச் சென்ற அவ்விரவில் பலர் திரும்பி ஓடிச் சென்று மாட்டின் கயிற்றை அறுத்துவிட்டு வந்தனர். கட்டியபடி விட்டால் செத்துவிடும், அவிழ்த்துவிட்டால் எங்கேனும் மேய்ந்து பிழைக்கட்டும் என்ற எண்ணம். அதற்காகச் செலவான சில நிமிடங்கள் அன்று எந்தக் காசினும் பெறுமதியானவை. அன்று அவிழ்த்ததும் பட்டியைத் திறந்ததும் கைவிடுதல் அன்று, அது வேறு. 1996இல் ஊர் திரும்பியோரில் சிலர், எலும்பும் தோலுமாக முற்றத்தில் கிடந்த நாயைக் கண்டு படலையிலேயே இருந்து அழுததையும் இன்றும் சொல்வர். வீட்டிலிருந்த பொருளெல்லாம் போயிருந்தது. நாய் அங்கே இருந்தது.

இப்போது ஊர் வெறுமையாவது வேறு வகையில். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் சுவிசிலும் இருக்கின்றார்கள். பெரிய வீட்டில் இரண்டு முதியவர்கள், சில வேளை ஒருவர் மட்டும். அவர் காலையில் எழுந்து அடுப்பு மூட்டுவது தமக்காக அன்று. தமக்கு ஒரு துண்டு பாண் போதும். நாய்க்குச் சோறு வைக்கவேண்டும் என்பதற்காக மூட்டுகின்றார், அந்தச் சாட்டில் தாமும் இரண்டு பிடி உண்கின்றார். பிள்ளைகள் விசா எடுத்து அழைக்கும்போது, “இதை ஆரிட்ட விட்டிட்டு வாறது?” என்று அவர் கேட்டால் தொலைபேசியின் மறுமுனையில் சிரிப்புக் கேட்கும். சிரிக்க வேண்டியதில்லை. அயல்வீட்டுப் பெண்ணிடம் மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி, அரிசிக்கும் மருந்துக்கும் முன்பணம் கொடுத்து, தடுப்பூசி அட்டையையும் ஒப்படைத்துவிட்டுப் பயணம் போன முதியவர்களும் இருக்கின்றார்கள். அந்தப் பெண் நேரந்தவறாமல் சோறு வைக்கின்றாள். நாய் உண்டுவிட்டுப் பூட்டிய வீட்டின் திண்ணையில் வந்து படுத்துக்கொள்கின்றது.