கூடி வாங்குதல்

ஒரே பொருளுக்கு இரண்டு விலை இருக்குமானால் அவற்றில் எது அதன் மதிப்பு என்ற கேள்வி பழையது. அதைப் புதிதாகக் கேட்க வைக்கிறது ஒரு ஹெட்போன். ஜெர்மனியின் ஸென்ஹைஸர் நிறுவனம் 2003இல் வெளியிட்ட எச்.டி. 650க்கு 2016இல் அமெரிக்காவில் பட்டியல் விலை சுமார் 500 டாலர். அந்த வருஷ இறுதியில் அதே ஹெட்போன் எச்.டி. 6எக்ஸ்எக்ஸ் என்ற பெயரில் 200 டாலருக்கு ஒரு சென்ட் குறைவாக விற்பனைக்கு வந்தது. விற்றது மாஸ்டிராப். இணையத்தில் ஆட்களைச் சேர்த்து, சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டித் தயாரிப்பாளரிடம் விலை பேசுவதற்காக 2012இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஸ்தாபனம் அது. நிறம் வேறு, கம்பி குட்டை, பெட்டி சாதாரணம். ஒலியை உண்டாக்கும் பாகம் அதேதான்.

மறைந்துபோன 300 டாலர் எது? அது முன்பு அடிக்கப்பட்ட கொள்ளை என்பது ஒரு பதில். புதிய விலை ஒரு சலுகை என்பது இன்னொன்று. இரண்டும் சோம்பேறித்தனமான பதில்கள். கடையின் வாடகை, விநியோகஸ்தரின் பங்கு, விளம்பரம், விற்காமல் தங்கிவிடுமோ என்ற பயம் இவையெல்லாம் சேர்ந்ததுதான் பழைய விலை. கூடி வாங்கியவர்கள் பணத்தை முதலில் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். தயாரிப்பாளரின் நிச்சயமின்மையை அவர்கள் தங்கள் பொறுமையால் விலைக்கு வாங்கினார்கள் எனலாம். ஆக விலை என்பது பொருளின் குணம் அல்ல, மனிதர்களுக்கு இடையில் உள்ள ஓர் ஏற்பாடு.

மதிப்பு மட்டும் பொருளுக்குள் இருக்கிறதா? 2008இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் ஒரே மதுவை இரண்டு விலைகள் சொல்லிக் கொடுத்தார்கள். விலை கூடச் சொன்னது கூட ருசித்தது. காதும் நாக்கைவிட நேர்மையானது என்று நம்பக் காரணம் இல்லை. வங்கியில் நகைக் கடனுக்கு எடை போடும்போது கல்லும் அரக்கும் கழிக்கப்படும், செய்கூலி கணக்கில் வராது. அடகு வைக்கிற பெண்ணுக்கோ அந்தக் கழிவில்தான் அவள் கல்யாணம் இருக்கிறது. இந்த இரண்டு மதிப்பில் எதுவும் பொய் அல்ல. ஒன்று மற்றொன்றின் பாஷையில் பேச மறுக்கிறது, அவ்வளவுதான்.

இதுவரை இது ஓய்வு உள்ளவர்களின் தர்க்கம். இதை ஜெகதாப்பட்டினத்துக் கரைக்குக் கொண்டுவந்தால் வேறு முகம் காட்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் விசைப்படகுகள் நிற்கிற இரண்டு துறைகளில் இது ஒன்று, மற்றது கோட்டைப்பட்டினம். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் எல்லா நாளும் கடல் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மிச்ச நாட்களிலும் எல்லைக்கோடு இருக்கிறது, இலங்கைக் கடற்படை இருக்கிறது. இவ்வளவையும் தாண்டி வந்த இறால் கரையில் விலைக்கு நிற்கிறது. அங்கே வாங்குகிறவர்கள் முன்கூட்டியே கூடிப் பேசி, இதற்கு மேல் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டால் விலை இறங்கும். ஹெட்போன் வாங்கியவர்கள் செய்ததும் இதே காரியம்தான். அங்கே அது சாமர்த்தியம், இங்கே அது அநியாயம் என்று நமக்கு உடனே தோன்றுகிறது. ஏன்?

விற்பவன் சம்மதித்தான் என்பது வித்தியாசம் அல்ல. படகுக்காரரும் தலையசைக்கத்தான் செய்கிறார். ஆனால் ஸென்ஹைஸர் இந்தப் பேரம் வேண்டாம் என்று எழுந்து போயிருக்க முடியும். அது போனாலும் அதன் கிடங்கில் எதுவும் அழுகாது. இறாலுக்கு ஐஸ் உருகுகிறவரைதான் வாழ்வு. டீசலுக்கு முன்பணம் கொடுத்தவரே வாங்குகிறவராகவும் இருந்துவிட்டால் அந்தக் கெடுவும் இல்லை. மறுக்க முடிந்தவனின் சம்மதம்தான் சம்மதம், மற்றது அடங்கிப்போவது. பரிவர்த்தனையைக் கட்டிவைப்பது தேவை என்றார் அரிஸ்டாட்டில். இரண்டு தரப்பின் தேவைக்கும் ஒரே அவகாசம் இருப்பதில்லை என்பதை இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். காத்திருக்க முடிந்தவன் காத்திருக்க முடியாதவனிடம் பேசுகிற விலையில் நியாயம் தற்செயலாகத்தான் நேரும். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் மிகையாகக் கொள்ளாமலும் குறைத்துக் கொடுக்காமலும் இருந்ததைப் பட்டினப்பாலை புகழ்கிறது. புகழ வேண்டியிருந்தது என்பதே அது அபூர்வம் என்பதற்குச் சாட்சி.

ஹெட்போன் விஷயத்திலும் நஷ்டப்பட்டவர் ஒருவர் உண்டு. கேட்டுப் பார்க்க இடம் கொடுத்த கடைக்காரர் அவர். அவரிடம் கேட்டுவிட்டுக் கூட்டத்தில் போய் வாங்கியவன், 300 டாலரில் ஒரு பகுதியை அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டான். விலை குறைந்தது என்று சந்தோஷப்படுகிற ஒவ்வொருவரும், அது யாரிடமிருந்து குறைந்தது என்று கேட்கக் கடமைப்பட்டவர்.

கூடி வாங்குவதில் இன்னொரு வகை உண்டு. அது நமக்குப் பரிச்சயமானது. 1960களின் நடுவில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய வாசகர் வட்டம் உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்டுதான் புத்தகம் போட்டது. லா.ச.ரா.வின் 'புத்ர', தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' எல்லாம் அப்படி வந்தவை. உறுப்பினருக்கு விலையில் சலுகை இருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தின் சாதனை சலுகை அல்ல, சந்தை கேட்காத ஒன்று இருக்க முடிந்ததே சாதனை. ஹெட்போன் கூட்டம் ஏற்கனவே இருந்த பொருளின் விலையைக் குறைத்தது. வாசகர் வட்டம் ஒரு பொருளை இருக்கச் செய்தது. சந்தா கட்டிச் சிறுபத்திரிகை வாங்குகிறவன் இந்த இரண்டாவது ஜாதி. அவனிடம் போய் விலைக்குத் தகுந்த பக்கம் இருக்கிறதா என்று கேட்பது அசட்டுத்தனம்.

கரைக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. கேரளத்திலும் கன்னியாகுமரிக் கடற்கரையிலும் மீனவர் சங்கங்கள் ஏலத்தைத் தாங்களே எடுத்து நடத்தின. 1980இல் அவை தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக இணைந்தன. கடன் சங்கத்திலிருந்து, ஏலம் சங்கத்தின் ஆளால், பிடித்தம் மீனின் விலையிலிருந்து என்று முறை. மீன் அதனால் அழுகாமல் இருந்துவிடவில்லை. ஆனால் கடன் கொடுத்தவருக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று. தனி மனிதனுக்கு இல்லாத மறுக்கும் சக்தி கூட்டத்துக்கு வந்தது.

கூடி வாங்குவது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தம் இல்லை. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களும் கூடியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் நாம் பெறுவது விலைக்குறைப்பு அல்ல, ஒருவருடைய அவசரம்.