வேலியும் பொறுப்பும்

உடைமை என்றதும் உரிமையைப் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். நிலம் என்னுடையது, ஆகவே உள்ளே வராதே என்பது அவ்வுரிமையின் முதற் குரல். அந்நிலத்திற் கிடக்கும் ஆபத்தும் என்னுடையதே என்று எவரும் எளிதில் உரைப்பதில்லை. விளையாட வந்த ஒருவன் அங்கே அடிபட்டால் பொறுப்பு யாருடையது? பிரித்தானிய நீதிமன்றங்கள் இவ்வினாவுக்கு அளித்த விடைகள் மாறிவந்த விதம் நமது சிந்தனைக்குரியது.

1929 இல் பிரபுக்கள் சபை தீர்த்த ஸ்கொத்லாந்து வழக்கொன்றை முதலில் எடுத்துக்கொள்வோம். நிலக்கரிச் சுரங்கக் கம்பனி ஒன்றின் வயலில் இழுவைச் சக்கரம் ஒன்று இயங்கியது. சுற்றியிருந்த வேலியில் எங்கும் பொத்தல். அயற் பிள்ளைகள் அங்கே விளையாடுவதைக் கம்பனியார் அறிவர். இடையிடையே விரட்டியும் இருக்கின்றனர். ஒருநாள் நான்கு வயதுச் சிறுவன் அச்சக்கரத்தில் அகப்பட்டு நசுங்கி இறந்தான். தீர்ப்பு என்ன? சிறுவன் அத்துமீறி நுழைந்தவன். வேண்டுமென்றே தீங்கு செய்யாதிருந்தாற் போதும், அதற்குமேற் கம்பனிக்குக் கடமை இல்லை. நான்கு வயதுப் பிள்ளைக்கு எல்லைக்கோடு எப்படித் தெரியும் என்று சட்டம் கேட்கவில்லை.

அக்கொள்கை நாற்பத்து மூன்று ஆண்டுகள் நிலைத்தது. 1965 இல் இலண்டனின் தென்புறத்தே, திறந்த வெளியில் விளையாடிய ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் பழுதுபட்டுச் சாய்ந்து கிடந்த வேலியைக் கடந்து சென்றான். மின்னோட்டம் பாயும் தண்டவாளத்திற் பட்டுக் கடுமையாக எரிகாயமுற்றான். பிள்ளைகள் பாதையில் நடமாடுவதாகச் சில வாரங்களுக்கு முன்னரே புகையிரத நிலைய அதிபருக்குத் தகவல் எட்டியிருந்தது. வேலி திருத்தப்படவில்லை. 1972 இல் பிரபுக்கள் சபை பழைய கொள்கையைக் கைவிட்டு, அத்துமீறி வந்தவனிடத்தும் மனிதாபிமானக் கடமை உண்டென்றது. 1984 இல் அது சட்டமாகவும் எழுதப்பட்டது. ஆபத்தை அறிந்தான், தடுக்க வல்லவனாயிருந்தான், தடுக்கவில்லை: பொறுப்பின் வேர் இதிலேதான் உள்ளது. வந்தவனிடம் அனுமதி இருந்ததா என்பது பின்னர் எழும் வினா.

இதுவரை நம்மவர் அனைவரும் உடன்படுவர். நம்மைச் சங்கடப்படுத்துவது அடுத்த வழக்கே. 1995 இல் செஷயர் பகுதியில், முன்னர் மணல் அகழ்ந்த குழியில் உண்டான ஏரியொன்றிலே, பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் ஆழங்குறைந்த நீரிலே தலைகீழாகப் பாய்ந்தான். கழுத்து முறிந்தது, கைகால்கள் செயலிழந்தன. ஏரி உள்ளூராட்சிச் சபைக்குரியது. நீந்தலாகாது என்ற பலகையும் இருந்தது. மணற்கரையை மண்ணிட்டு மூடிச் செடி நட்டுவிடச் சபை எண்ணியிருந்தது, பணமுடையால் தாமதித்தது. 2003 இல் பிரபுக்கள் சபை அவனது வழக்கைத் தள்ளிவிட்டது.

ஆபத்தைச் சபை அறிந்திருந்ததே, பின் ஏன் பொறுப்பில்லை? நாமும் முதலில் அவ்வாறே கேட்டோம். ஆயின் தெளிந்த அறிவுடைய ஒருவன் தானே தெரிந்து செய்த பாய்ச்சல் அது. நீரடியில் மறைந்த பொறி ஏதும் இருக்கவில்லை. இதற்காகச் சபையைத் தண்டித்தாற் கரை மூடப்படும். கட்டணம் செலுத்தித் தடாகத்திற் குளிக்க வல்லவனுக்கு அதனாற் குறையில்லை. கோடையிற் பிள்ளைகளோடு வந்து மணலில் அமரும் உழைப்பாளிக் குடும்பமே தன் கரையை இழக்கும். ஹொப்மன் பிரபுவின் தீர்ப்பும் அக்கரையை அனுபவிக்கும் பலரது சுதந்திரத்தைக் கணக்கில் எடுத்தது. சொன்னவர் பிரபு என்பதற்காக நாம் அதனை வெறுக்க வேண்டியதில்லை.

எனினும், அந்த இளைஞன்? தவறு அவனுடையதே என்று நிறுவிய பின்னரும் அவனைத் தூக்கி இருத்த ஒருவர் வேண்டும். குற்றவாளி அகப்பட்டாற்றான் காயத்துக்கு மருந்து என்பது நட்டஈட்டு வழக்கின் முறை. நியூசிலாந்து 1974 முதல் வேறு வழியிற் சென்றது. தவறு எவருடையதாயினும், விபத்திற் காயமுற்றவருக்குப் பொதுநிதியிலிருந்து சிகிச்சை உண்டு; தொழில் செய்தவருக்கு இழந்த ஊதியத்தின் பெரும்பகுதியும் உண்டு. அதற்கீடாக நட்டஈடு கோரி வழக்கிடும் உரிமை பெரும்பாலும் நீக்கப்பட்டது. அம்முறையிற் குறை இல்லாமலில்லை. விபத்தாலன்றி நோயாற் செயலிழந்தவன் பெரும்பாலும் அந்நிதியின் வாயிலுக்கு வெளியே நிற்கிறான்.

நிதி கொடுத்துவிடும் என்ற துணிவில் வேலியைத் திருத்தாதவன் தப்பிவிடுவானே என்று நண்பர் சிலர் ஐயுறுவர். ஐயம் நியாயமானது. அவனை விசாரிக்கவும் தண்டிக்கவும் வேறு வழி வேண்டும். நான்கு வயதுப் பிள்ளையின் பெற்றோருக்குப் பணத்தைக் கொடுத்தனுப்பிவிட்டு, வேலிப் பொத்தலை அப்படியே விட்டுவிட நாம் உடன்படோம்.